ராபர்ட் சர்வீஸின் தங்கவேட்டைப் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொஞ்ச காலமாக நண்பர்கள், உறவினர் என்று யார் சிக்கினாலும் 'சாம் மெகீயின் தகனம்' என்ற ஆங்கிலக் கதைப்பாட்டை வாசித்துக் காட்டி, அர்த்தமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டிக் கிடக்கும் யூகான் என்ற பனிப்பிரதேசத்தில் தங்கம் தேடிப் போனவர்களைப் பற்றிய பாட்டு அது. எழுதியவர் ராபர்ட் சர்வீஸ். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ராபர்ட் சர்வீஸ் யார்?

1874-ல் இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர், ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். கிளாஸ்கோவில் வங்கி குமாஸ்தாவாக இருந்தவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. 1896-ல் கப்பலேறிக் கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்விட்டார். குதிரை மேல் ஏறி மாடு மேய்க்கும் கௌபாய் வாழ்க்கைதான் ஆசை, ஆனால் கிடைத்ததோ பண்ணைக் கூலி, கடைச் சிப்பந்தி வேலை, கலிபோர்னியாவில் பழம் பறிப்பது, இப்படி ஏழெட்டு வருஷம். கடைசியில் எந்த வேலையை விட்டு ஓடி வந்தாரோ அதே வேலைக்கு 1903-ல் திரும்பினார். கனடியன் பேங்க் ஆஃப் காமர்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது, அடுத்த வருஷம் யூகானில் இருக்கும் வைட்ஹார்ஸ் கிளைக்கு மாற்றியது. அந்த மாற்றல் உத்தரவு இல்லையென்றால் இந்தப் பாட்டுகள் எதுவும் இல்லை.

அப்போ அவரும் தங்கம் தேடினாரா?

இல்லை. இதைத்தான் பலராலும் நம்ப முடிவதில்லை. பாட்டைப் படித்தால் நாய்வண்டி ஓட்டி, விரல் மரத்து, பசியில் தோல்செருப்பைக் கடித்த ஆள் எழுதியது போலத்தான் இருக்கும். ஆனால் தங்கவேட்டை உச்சத்தில் இருந்த 1897, 1898 வருஷங்களில் சர்வீஸ் தெற்கே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் 1904-ல் வைட்ஹார்ஸ் வந்து இறங்கியபோது கூட்டம் கலைந்து, திருவிழா முடிந்த மறுநாள் மைதானம் மாதிரி இருந்தது யூகான். அவர் வந்ததுகூட ரயிலில்தான். முன்பு ஆட்கள் செத்து விழுந்த மலையில் 1900-க்குள் ரயில்பாதை போட்டிருந்தார்கள்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கவேட்டைக்குப் போய்வந்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், ஜாக் லண்டன் 1897-ல் நிஜமாகவே போய், குளிர்காலம் முழுக்கக் கிடந்து, ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி 1898-ல் திரும்பியவர். சர்வீஸுக்கு அந்த அனுபவம் கிடையாது. அவருக்கு வாய்த்தது வேறு ஒன்று. ஊருக்குத் திரும்ப மனமில்லாமலோ வழியில்லாமலோ அங்கேயே தங்கிவிட்டவர்கள் அவருடைய வங்கிக் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றார்கள், பேசினார்கள். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள். அந்தப் பேச்சை அப்படியே காதில் வாங்கியவர் அவர். இந்தப் பாட்டுகளின் பலமெல்லாம் அந்தக் காதுதான் என்பது என் கட்சி.

தங்கவேட்டை என்றால் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகச் சொன்னால் அதன் கொடுமை தெரியாது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1896 ஆகஸ்டில் குளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஒரு சின்ன ஓடையில் தங்கம் கிடைத்தது. கண்டுபிடித்த கூட்டத்தில் இருந்தவர்கள் டாகிஷ் பழங்குடியைச் சேர்ந்த ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி, ஜிம்மின் அக்காதங்கைகளில் ஒருவரான கேட், அவருடைய வெள்ளைக்காரக் கணவர் ஜார்ஜ் கார்மாக். முயல் ஓடை என்று பெயர் இருந்த இடம் போனான்சா ஓடை ஆனது. சேதி வெளியே போக ஒரு வருஷம் ஆயிற்று. 1897 ஜூலையில் தங்கத்தோடு இரண்டு கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்தன. பத்திரிகைகள் 'ஒரு டன் தங்கம்' என்று போட்டதும் ஊரே கிளம்பிவிட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள் என்பது பொதுவான கணக்கு. போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது நாற்பதாயிரம் இருக்கலாம். தங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சில ஆயிரம்.

வழியில் சில்கூட் கணவாய் என்று ஒன்று. உச்சியில் கனடாக் காவல்படை நின்றுகொண்டு, ஒரு வருஷத்துக்கான சாப்பாடு கையில் இல்லாதவனை உள்ளே விடமாட்டோம் என்றது. பஞ்சத்தில் சாகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சாப்பாடு, கூடாரம், கருவி எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஒரு டன். குதிரை ஏறாத செங்குத்து. பனியில் வெட்டிய ஆயிரத்து ஐந்நூறு படி. ஒரு நடைக்கு 25 கிலோ, 30 கிலோ முதுகில் சுமந்து ஏறி, மேலே வைத்துவிட்டு, சறுக்கி இறங்கி, மறுபடி வரிசையில் நின்று ஏற வேண்டும். ஒரே ஆள் முப்பது நாற்பது தடவை. இன்னொரு பாதையான ஒயிட் பாஸில் குதிரைகள் போயின, அங்கே மூவாயிரம் குதிரைகள் செத்ததால் அதற்குச் செத்த குதிரைப் பாதை என்றே பெயர். 1898 ஏப்ரல் 3-ம் தேதி சில்கூட் பாதையில் பனிச்சரிவு விழுந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள்.

இதையெல்லாம் தாண்டி, பென்னட் ஏரிக்கரையில் மரம் வெட்டிப் படகு கட்டி, யூகான் ஆற்றில் பல நூறு கிலோமீட்டர் மிதந்து டாசன் நகரத்துக்கு வந்து இறங்கினால், நல்ல ஓடைகளை எல்லாம் முன்பே இருந்தவர்கள் அளந்து முளை அடித்துப் பதிவு செய்து முடித்திருந்தார்கள். 1898-ல் வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் கதை இதுதான். வீட்டை அடமானம் வைத்து வந்தவன் கூலிக்கு வேலை கேட்டு நின்றான். 1899-ல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் என்ற சேதி வந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கிளம்பிப் போய்விட்டார்கள்.

இந்தத் தங்கம் எப்படி எடுத்தார்கள்? பாட்டில் அது வருகிறதா?

அந்த மண் வருஷம் பூராவும் உறைந்தே கிடக்கும், கடப்பாரை இறங்காது. அதனால் சாயங்காலம் விறகு அடுக்கித் தரையில் தீ மூட்டுவார்கள். விடியும்போது ஒரு அடி அளவுக்கு மண் இளகியிருக்கும். அதை அள்ளி மேலே கொட்டிவிட்டு மறுபடி தீ. கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போய் அடிப்பாறையைத் தொட வேண்டும், தங்கம் கனமானது, அடியில்தான் தங்கியிருக்கும். குளிர்காலம் முழுக்கப் புகைக்குள் தோண்டிக் குவித்த மண்மேட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது வசந்தத்தில் பனி உருகி ஓடையில் தண்ணீர் வந்து, மரவாய்க்காலில் மண்ணை அலசிய பிறகுதான் சரியாகத் தெரியும். ஆறேழு மாத உழைப்புக்குப் பிறகு பரீட்சை முடிவு.

சர்வீஸின் பாட்டில் இந்த வேலையின் நுணுக்கம் அதிகம் வராது. அவருக்குப் பிடித்தது வேலை முடிந்த பிறகு ஆட்கள் என்ன ஆனார்கள் என்பது. 'யூகானின் மாயம்' என்ற பாட்டில் ஒருவன் தங்கம் வேண்டும் என்று அடிமை மாதிரி உழைக்கிறான், கிடைக்கிறது, கிடைத்த பிறகு அது தான் நினைத்ததாக இல்லை. தங்கத்தைத் தேடின அந்தத் தேடலும், அந்த வனாந்தரத்தின் அமைதியும்தான் மறுபடி மறுபடி இழுக்கிறது என்கிறான். தங்கத்தோடு ஊர் திரும்பியவனுக்கே வடக்கு நினைப்பு வருகிறது. அங்கே தங்கிவிட்ட ஆட்களின் பேச்சைக் கவுன்டரில் நின்று தினமும் கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும்.

முதல் பாட்டு எப்படி வந்தது?

வைட்ஹார்ஸ் சின்ன ஊர். தேவாலய நிகழ்ச்சிகளில் சர்வீஸ் மற்றவர்களின் கவிதைகளை நடித்து ஒப்பிப்பார், ஊரில் அதற்கு நல்ல பெயர். உள்ளூர்ப் பத்திரிகையான வைட்ஹார்ஸ் ஸ்டாரின் ஆசிரியர் ஸ்ட்ரோலர் வைட் அவரிடம், நம் ஊரைப் பற்றியே ஒன்று எழுதி ஒப்பியேன் என்றார். ஒரு சனிக்கிழமை ராத்திரி மதுக்கடைகளில் இருந்து வந்த கூச்சல் காதில் விழ, சர்வீஸுக்கு முதல் வரி கிடைத்தது. உட்கார்ந்து எழுத அமைதியான இடம் வேண்டுமே என்று பூட்டியிருந்த வங்கிக்குள் இருட்டில் நுழைந்தார். காவலுக்கு உள்ளே படுத்திருந்த சக ஊழியர் திருடன் என்று நினைத்துத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். நல்ல வேளை குறி தப்பியது. இது சர்வீஸே தன் சுயசரிதையில் சொல்லும் கதை. அன்றிரவு எழுதியது 'டான் மெக்குரூ சுடப்பட்ட கதை'. அதுவும் இருட்டில் துப்பாக்கி வெடிக்கும் பாட்டுதான்.

அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது?

மலமூட் என்ற மதுக்கடை. உள்ளே சீட்டாடும் டான் மெக்குரூ, பக்கத்தில் லூ என்று அழைக்கப்படும் பெண். வெளியே உயிரை உறிஞ்சும் குளிர், அதிலிருந்து அழுக்கும் தாடியுமாக ஒரு அந்நியன் உள்ளே வருகிறான். பொடித்தங்கப் பையைக் கவிழ்த்து எல்லாருக்கும் குடி வாங்கிக் கொடுத்துவிட்டு, போய்ப் பியானோ முன் உட்கார்ந்து வாசிக்கிறான். பாட்டின் உயிர் இங்கேதான். வயிற்றுப் பசி வேறு, மனுஷனுக்கு வீடும் அன்பும் இல்லாத பசி வேறு என்று அந்த இசை சொல்வதாகச் சில வரிகள் வரும், எத்தனையோ தடவை படித்தும் அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிடுகிறது. அப்புறம் விளக்கு அணைகிறது, இரண்டு துப்பாக்கி வெடிக்கிறது, விளக்கு வந்தால் இரண்டு பிணம். கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கிறது, படிக்கப் போகிறவர்களுக்காக அதை விட்டுவிடுகிறேன்.

சாம் மெகீ பாட்டின் கதை?

இதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் மிச்சக் கேள்வியெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சாம் மெகீ அமெரிக்காவின் தெற்கே டென்னசியைச் சேர்ந்தவன், வெயிலில் வளர்ந்தவன். யூகான் குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆனாலும் தங்கம் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவனும் கதை சொல்லும் நண்பனும் நாய்வண்டியில் போகிறார்கள். கண்ணை மூடினால் இமைமயிர் உறைந்து ஒட்டிக்கொள்கிற குளிர். ராத்திரி பனிக்கடியில் போர்வைக்குள் ஒடுங்கிப் படுத்திருக்கும்போது சாம் சொல்கிறான்: நான் இந்தப் பயணத்திலேயே செத்துப்போவேன், சாவைப் பற்றிப் பயமில்லை, பனிக்கட்டிக் குழிக்குள் கிடக்க வேண்டுமே என்றுதான் பயம், என்னை எரித்துவிடுவதாகச் சத்தியம் செய். நண்பன் சத்தியம் செய்கிறான். மறுநாள் சாயங்காலத்துக்குள் சாம் செத்துவிட்டான்.

இனிதான் பாட்டு. சுற்றி ஆள் இல்லை, விறகு இல்லை, சொன்ன சொல் மட்டும் கழுத்தில் தொங்குகிறது. சவத்தை வண்டியில் கட்டி நாள் கணக்கில் இழுத்துப் போகிறான். சாப்பாடு குறைகிறது, நாய்கள் சோர்ந்துபோகின்றன. அந்தப் பிணத்தின் மேல் அவனுக்கு வெறுப்பே வந்துவிடுகிறது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறான், சில சமயம் அதற்குப் பாட்டுப் பாடிக் காட்டுகிறான், அது பல்லை இளித்துக்கொண்டு கேட்கிறது. கடைசியில் லபார்ஜ் ஏரிக்கரையில் பனியில் சிக்கிக் கைவிடப்பட்ட நீராவிப் படகு ஒன்று கண்ணில் படுகிறது. அதன் பலகைகளைப் பெயர்த்து, கிடந்த நிலக்கரியைப் போட்டு, கொதிகலன் உலையை மூட்டி, கனலுக்குள் குழி பறித்துச் சாமை உள்ளே தள்ளுகிறான். பொரியும் சத்தத்தைக் கேட்கப் பொறுக்காமல் வெளியே நடந்துவிட்டு வருகிறான். வெந்திருக்குமா என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், உலைக்கு நடுவில் சாம் மெகீ அமைதியாக உட்கார்ந்திருக்கிறான், முகமெல்லாம் சிரிப்பு. கதவைச் சாத்தப்பா, குளிர் உள்ளே வந்துவிடப் போகிறது, ஊரை விட்டுக் கிளம்பியதில் இருந்து இப்போதுதான் உடம்பு சூடாக இருக்கிறது என்கிறான்.

இது பேய்ப்பாட்டா, வேடிக்கைப் பாட்டா?

ஆங்கிலத்தில் இதைப் பள்ளிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்கிறார்கள், முகாம் தீயைச் சுற்றி உட்கார்ந்து திகிலாகவும் சொல்கிறார்கள். 1907-ல் படித்த வெள்ளைக்கார வாசகர்களுக்குப் பிணத்தை எரிப்பதே புதுசு, அங்கே புதைப்பதுதான் வழக்கம், ஆகவே தலைப்பிலேயே ஒரு திடுக்கிடல் இருந்திருக்கும். நம்மில் பலருக்குச் சுடுகாடு பழகிய இடம், எரிப்பதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அதனாலேயே நமக்குப் பாட்டு வேறு இடத்தில் கனக்கிறது என்று நினைக்கிறேன். எடுத்துப்போக நாலு பேர் இல்லாத சாவு. கொள்ளி வைக்க மகன் இல்லை, அழ ஆள் இல்லை, ஒரே ஒரு நண்பன் வாக்குக் கொடுத்த கடனுக்காகத் தனியாகச் சுமக்கிறான். பாட்டிலேயே வாக்கைக் கடன் என்றுதான் சொல்லியிருக்கிறார் சர்வீஸ். அந்த வரி வரும்போது நான் வாசித்துக் காட்டிய யாரும் சிரித்ததில்லை.

சாம் மெகீ நிஜமான ஆளா?

பெயர் நிஜம். வில்லியம் சாமுவேல் மெகீ என்பவர் வைட்ஹார்ஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தார். டென்னசி இல்லை, கனடாவின் ஒன்டாரியோக்காரர், சாலை போடும் வேலை பார்த்தவர். பெயரின் கடைசி ஓசை 'டென்னசி'யோடு இயைந்தது, அதனால் சர்வீஸ் எடுத்துக்கொண்டார். பாவம், அந்த மனிதர் பாட்டு பிரபலமான பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் உயிரோடு இருந்து 1940-ல்தான் இறந்தார். பிற்காலத்தில் யூகானுக்குத் திரும்பிப் போனபோது, சாம் மெகீயின் அசல் அஸ்தி என்று அவரிடமே ஒரு கலசத்தை விற்றார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அவர் வாழ்ந்த மரவீட்டை வைட்ஹார்ஸில் மாக்பிரைடு அருங்காட்சியகம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

எரித்த சம்பவத்துக்கும் ஒரு மூலம் உண்டு. டாக்டர் சக்டன் என்பவர் இறந்துபோன ஒரு தங்கவேட்டைக்காரரைப் புதைக்க வழியில்லாமல், கைவிடப்பட்ட ஆலிவ் மே என்ற படகின் உலையில் எரித்தார் என்பது அந்தப் பக்கத்துச் செய்தி. பாட்டில் படகின் பெயர் ஆலிஸ் மே. இந்தக் கதையை ஒரு விருந்தில் ஒருவர் சொல்லக் கேட்ட சர்வீஸ், நிலா வெளிச்சத்தில் பனிப்பாதையில் மணிக்கணக்காகத் தனியே நடந்து, நடையிலேயே முழுப் பாட்டையும் மனசுக்குள் கட்டி முடித்துவிட்டு, மறுநாள்தான் காகிதத்தில் எழுதினாராம். இதை நான் முழுசாக நம்புகிறேன். அந்தப் பாட்டின் தாளம் நடக்கிற கால்களின் தாளம்.

லபார்ஜ் ஏரி இருக்கிறதா?

இருக்கிறது. வைட்ஹார்ஸுக்கு வடக்கே, யூகான் ஆறே அகன்று ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரியாக நிற்கும் இடம். ஆங்கில எழுத்துகளைச் சற்று மாற்றிப் போட்டு, கரை என்று பொருள்படும் சொல்லோடு இயையும்படி செய்துகொண்டார் கவிஞர். அந்த ஏரி நிஜமாகவே படகுகளை விழுங்கியிருக்கிறது. 1901 அக்டோபரில் ஏ. ஜே. கோடார்டு என்ற சின்ன நீராவிப் படகு புயலில் மூழ்கி, இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் இறந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2008-ல், அதை ஏரியின் அடியில் கண்டுபிடித்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆட்களின் செருப்பு, கருவிகள், கூடவே ஒரு கிராமபோனும் இசைத்தட்டுகளும். நாள் முழுக்க உலைக்கு விறகு தள்ளிவிட்டு ராத்திரி பாட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

புத்தகம் எப்படி வெளிவந்தது?

சர்வீஸ் இதையெல்லாம் மேஜை அறைக்குள் போட்டு வைத்திருந்தார். பிறகு, கிறிஸ்துமஸுக்கு வந்த போனஸ் பணத்தைச் செலவழித்து நண்பர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்பா டொரான்டோவில் இருந்தார், அவர் மூலமாக வில்லியம் பிரிக்ஸ் பதிப்பகத்துக்கு அனுப்பினார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பாட்டை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விற்பனைப் பிரதிநிதி மெய்ப்புத் தாளை வைத்துக்கொண்டே போகும் வழியெல்லாம் வாசித்துக் காட்டி ஆர்டர் பிடித்தார். பதிப்பகம் காசோலையைத் திருப்பி அனுப்பி, நாங்களே போடுகிறோம், உங்களுக்கு ராயல்டி தருகிறோம் என்றது. 1907-ல் 'ஒரு சவர்டோவின் பாட்டுகள்' வந்தது. கேட்ட வாய்கள் எல்லாம் சொல்லத் தொடங்கின, பதிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. அச்சுக்கூடத் தொழிலாளிகள்தான் இந்தப் பாட்டுகளின் முதல் ரசிகர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

சவர்டோ என்றால்?

புளித்த மாவு. யூகானில் ரொட்டி சுட ஈஸ்ட் கிடைக்காது, அதனால் பழைய மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த மாவைப் புளிக்க வைப்பார்கள். இட்லி மாவு அரைக்கும் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. குளிரில் அந்த மாவு உறைந்து செத்துவிடாமல் இருக்கச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தூங்குவார்களாம். அதனால் அங்கே குளிர்காலம் கழித்த பழைய ஆளுக்குப் பெயர் சவர்டோ. இலையுதிர் காலத்தில் ஆறு உறைவதையும் வசந்தத்தில் உடைவதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். புதுசாக வந்தவனுக்குச் சீச்சாக்கோ என்று பெயர், பல இனத்தாரும் வியாபாரத்துக்குப் பேசிக்கொண்ட சினூக் கலப்புமொழிச் சொல். சர்வீஸின் அடுத்த தொகுப்பு, 1909-ல் வந்தது, அந்தப் பெயரில்தான்.

இதெல்லாம் கவிதையா?

விமர்சகர்கள் பலகாலம் இல்லை என்றுதான் சொன்னார்கள், ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் நிழல் என்றார்கள். சர்வீஸும் சண்டைக்குப் போகவில்லை, நான் எழுதுவது பாட்டு, கவிதை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் அவர் நிலை. நம்மூரில் ஒரு காலத்தில் சந்தையிலும் ரயிலிலும் காலணா, அரையணாவுக்குக் கொலைச்சிந்து விற்றார்கள். ஊரில் நடந்த கொலையையும் வெள்ளத்தையும் மெட்டுப் போட்டுப் பாடி, அச்சடித்து விற்பது. அதைக் கேட்டு அழுதவர்கள் யாரும் இது இலக்கியமா என்று கேட்கவில்லை. சர்வீஸ் நிற்கும் இடம் அதற்குப் பக்கத்தில். மெட்டு மாதிரியே ஓடும் ஏழு சீர் அடி, பாதியில் ஒரு இயைபு, முடிவில் ஒரு இயைபு. ஒருமுறை கேட்டால் பாதி மனப்பாடம் ஆகிவிடும். வாயால் சொல்லக் கேட்ட கதையை வாயால் சொல்லத் தோதாகத் திருப்பிக் கொடுத்தார். அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது பத்து வரி எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் பாட்டில் யார் இல்லை?

அந்த மண்ணின் மக்கள். இதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. குளோண்டைக் என்ற பெயரே அங்கே வாழ்ந்த ஹான் மக்கள் ஆற்றுக்கு வைத்த 'ட்ரோண்டெக்' என்ற பெயரை வந்தவர்கள் வாயில் நுழையாமல் திரித்தது. சால்மன் மீன் பிடிக்க ஆற்றில் கழி அடித்துப் பொறி வைக்கும் இடம் அது. தங்கக்கூட்டம் வந்ததும் மீன்பிடி முகாமும் வேட்டைக்காடும் பறிபோயின. தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றோடு கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தங்கள் பாட்டுகள் அழிந்துவிடும் என்று அஞ்சி, பாட்டுகளையும் ஆட்டத்தையும் ஆட்டக்கோலையும் அலாஸ்காவில் இருந்த உறவினர்களிடம் ஒப்படைத்தார், பத்திரமாக வைத்திருங்கள் என்று. பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பாட்டுகள் அங்கிருந்து திரும்பி வந்தன. அந்த மக்களின் இந்த வரலாற்றுக்காகவே ட்ரோண்டெக் குளோண்டைக் பகுதி 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

சர்வீஸின் புகழ்பெற்ற இரண்டு பாட்டிலும் இவர்கள் நிழல்கூட விழவில்லை, வேறு பாட்டுகளில் வரும்போதும் அந்தக் கால வெள்ளைக்காரர்களின் இழிசொற்களோடு வருகிறார்கள். யூகானை ஆளில்லாத வனாந்தரம் என்று அவர் பாடும்போது எனக்கு இது நெருடும். அவர் காது அவ்வளவு கூர்மையானது, ஆனால் கவுன்டருக்கு வந்தவர்களின் பேச்சு மட்டும்தான் அதில் விழுந்தது.

பிறகு என்ன ஆனார்?

1908-ல் வங்கி அவரை டாசனுக்கு மாற்றியது. அடுத்த வருஷம் மேலாளர் பதவி தந்து வைட்ஹார்ஸுக்குத் திரும்பக் கூப்பிட்டபோது வேலையை விட்டுவிட்டார். டாசனில் எட்டாவது அவென்யூவில் சின்ன மரக்குடில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவர்த்தாள் சுருளில் கரித்துண்டால் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் குத்திவைத்து, தள்ளி நின்று வாசித்துத் திருத்தினார். 1912-ல் யூகானை விட்டுப் போனவர் திரும்பவில்லை. பாரிஸ், கல்யாணம், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை. 1916-ல் போரில் தம்பி இறந்துபோனார், அந்த வருஷம் வந்த போர்ப்பாட்டுத் தொகுப்பு அவருக்குக் காணிக்கை. 1958-ல் பிரான்ஸில் லான்சியூ என்ற கடலோர ஊரில் இறந்தார். டாசன் குடிலை பார்க்ஸ் கனடா பராமரிக்கிறது, கோடையில் போகிறவர்கள் பார்க்கலாம்.

தமிழில் கொண்டுவர முடியுமா?

நான் முயன்றுகொண்டிருக்கிறேன். முதல் தடை முதல் வரிகளிலேயே. தங்கத்துக்கும் குளிருக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே 'கோல்டு'. முதல் எழுத்தின் ஓசை மட்டும்தான் வித்தியாசம். பாட்டு முழுக்க இந்த இரண்டு சொல்லின் மேல்தான் நிற்கிறது, எது சாமை இழுத்ததோ அதுவும் எது கொன்றதோ அதுவும் ஒரே ஓசையில் முடிகின்றன. பொன்னுக்கும் குளிருக்கும் தமிழில் அந்த உறவு இல்லை. அடிமுடிவு இயைபை விட்டுவிட்டு நமக்கு வாகான எதுகைக்குப் போனால் வழி திறக்கிறது. 'பனி' என்று ஒரு அடி தொடங்கினால் 'தனி', 'இனி', 'நுனி' எல்லாம் பின்னாலேயே வந்து நிற்கின்றன. பனியும் தனிமையும் எதுகையில் சேர்வது ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி. சிந்து மெட்டில் எட்டு அடி வரை வந்திருக்கிறேன்.

முதல்முறை படிக்கிறவர் எப்படிப் படிக்க வேண்டும்?

கண்ணால் வேண்டாம். யாராவது ஒருவரை எதிரில் உட்கார வைத்து உரக்க வாசியுங்கள். வேகமாகப் போங்கள், நாய்வண்டி ஓடுகிற வேகம், ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடி நிற்க வேண்டாம். உலைக்கதவைத் திறக்கும் வரிக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு நான் நாலு அடி வாசித்து நாலு அடி கதையாகச் சொல்வேன். போன மாதம் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். அப்பாவின் காரியம் முடிந்து அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை, சொல்லலாமா என்று தயக்கமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தப்பா என்று சாம் சொல்லும் இடம் வந்ததும் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பாவம், அந்தப் பிள்ளைக்கு இப்பவாவது குளிர் விட்டுச்சே" என்றார்.